ஒரு மேசைக்கு இடம்

டோக்கன் அக்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்துப் பணிமனையின் பின்வாசல் பக்கம், டயர் கிடங்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில், கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல் இருக்கிறது. பயணிகள் வண்டியில் விட்டுவிட்டுப் போன சாமான்கள் அங்கேதான் வந்து சேரும். ஜன்னலுக்கு உள்ளே அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. இருபத்தோரு வருடமாக அதில் குடைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல்செட். எது வந்தாலும் மஞ்சள் அட்டை ஒன்றைச் சணலால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். அதற்கு டோக்கன் என்று பெயர். நாளடைவில் அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. தொண்ணூறு நாள் பொருள் அலமாரியில் இருக்கும். தேடி வருகிறவரிடம் அதைக் காட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பாள். எங்கே விட்டீர்கள், என்ன நிறம், உள்ளே என்ன. மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவாள். கையெழுத்து விழுந்த பிறகுதான் டோக்கனை அவிழ்ப்பாள். தொண்ணூறு நாளும் யாரும் வராத பொருளைக் கழித்துவிடுவார்கள். அதிலிருந்து ஊழியர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

பல்செட்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றபோதும் அவள் மூன்று கேள்வியையும் விடவில்லை என்று கண்டக்டர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நிறம் என்னன்னு கேட்டியாமே அக்கா?"

"கேட்டேன். வெள்ளைன்னார். நான் மஞ்சள்னு எழுதி வச்சிருந்தேன். கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் கொடுத்தேன்."

ஜன்னலில் ஒரு ஊசி இடம் மாறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் ஒரு நாற்காலி காணாமல் போய் ஏழு மாதம் ஆகிறது. நடு அறையில் எதன் அடியிலோ இருக்க வேண்டும்.

வீடு மூன்றாவது மாடியில். கூடம், சமையலறை, ஒரு படுக்கை அறை, அப்புறம் அந்த நடு அறை. அதன் கதவு பாதிதான் திறக்கும். மீதிப் பாதியைக் கணவரின் சாமான்கள் உள்ளிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் ஏசி மெக்கானிக். செத்துப்போன கம்ப்ரசர்கள், தாமிரக் குழாய் முனைகள், ஃபேன் றெக்கைகள், எந்த மெஷினுடையது என்று அவருக்கே தெரியாத ரிமோட்கள். மகன் கூரியர் கம்பெனியில் வேலை. அவன் செல்போன் வாங்கியவர்களிடம் காலி டப்பாவைக் கேட்டு வாங்கி வருவான். ஒரு நாள் விலை வரும் என்பது அவன் நம்பிக்கை. அவனுக்கு வீட்டில் பெட்டி என்று பெயர்.

மகள் சின்னவள். பள்ளியில் கடைசி வருடம். அவள் படிப்பது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவிலுள்ள படிக்கட்டுத் திருப்பத்தில். அங்கே ஒரு விளக்கு உண்டு. சுவிட்சை அழுத்தினால் மூன்று நிமிடம் எரிந்து தானாக அணைந்துவிடும். சின்னவள் எழுந்து அழுத்துவாள், உட்காருவாள், படிப்பாள், மறுபடி எழுந்து அழுத்துவாள். சமையலறையில் நிற்கும் டோக்கன் அக்காவுக்கு அந்த டக் சத்தம் கேட்கும். இரண்டு வருடமாகக் கேட்கிறது. அவள் மாவு பிசைவதும் பாத்திரம் கழுவுவதும் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டிருந்தன. ஒரு டக் தாமதமானால் கை நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டக் நின்றது. சின்னவள் உள்ளே வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"ஸ்கூல் ஹாஸ்டல். திங்கள் இல்ல, அடுத்த திங்கள் அஞ்சு மணி வரைக்கும் வாங்கறாங்க."

"வீடு இருக்கறப்ப எதுக்குடி ஹாஸ்டல்?"

"அங்க ஆளுக்கொரு மேசை தர்றாங்க. லைட் அணையாது. அவ்வளவுதாம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். சின்னவள் கோபப்படவில்லை. டோக்கன் அக்கா ஈரக் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், அடுப்பைத் தணித்தாள், கூட்டினாள். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பெண் போய்விடுவாள். போனால் விடுமுறைக்கு வருவாள், விருந்தாளி மாதிரி. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு வாரம் கொடு. நடு ரூமைக் காலி பண்ணித் தரேன். மேசை போடலாம்."

"சரி," என்றாள் சின்னவள். வண்டி தாமதம் என்று மைக்கில் சொல்லும்போது பயணிகள் சொல்கிற சரி.

மறுநாள் காலை டோக்கன் அக்கா கூடத்தில் நின்றபடியே பேசினாள். பிள்ளை படிக்க இடமில்லை, நமக்கெல்லாம் வெட்கமில்லை, இன்றைக்குள் அந்த அறை காலியாக வேண்டும்.

"நியாயமான பேச்சு," என்றார் கணவர். முதலில் உள்ளே போனதும் அவர்தான். ஒரு கம்ப்ரசரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தார். "தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஓடுதான்னு மட்டும் பார்த்துடறேன்." பத்தே நிமிடத்தில் கூடமெங்கும் திருகாணிகள். பெட்டி தன் டப்பாக்களைப் படம் எடுத்து விற்கப்போவதாகச் சொல்லி, வெளிச்சத்துக்காக ஒவ்வொன்றாக ஜன்னலோரம் அடுக்கினான். நல்ல வெளிச்சம் போய்விட்டது என்று மதியம் நிறுத்தினான். சாயங்காலம் பார்த்தால் அறையிலிருந்ததில் ஒரு பங்கு கூடத்துக்கு வந்திருந்தது. அறை மட்டும் குறையவே இல்லை.

"பாதி முடிஞ்சுது," என்றார் கணவர்.

"எந்தப் பாதிங்க?"

"வெளியே எடுக்கற பாதி."

வெளியில் டக் என்றது.

திங்கட்கிழமை பணிமனையில் டோக்கன் அக்காவின் கண் ஒரு கட்டின் மேல் விழுந்தது. பணிமனைப் பெயரோடு அச்சான டோக்கன்கள். போன் நம்பரில் ஒரு எண் விடுபட்டுப் போனதால் இரண்டு வருடமாக மூலையில் கிடந்தன. மேலாளரிடம் சொல்லிவிட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பேருந்தில் வீட்டுக்கு வரும்போதே கம்பியில் சாய்ந்து நின்றபடி சணலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வந்தாள்.

அன்று நடு அறையில் நூற்றுப் பன்னிரண்டு டோக்கன் கட்டினாள். பரணில் எட்டியவரை கட்டினாள். குடைகளுக்கு மட்டும் கட்டவில்லை. ஜன்னலோரம் அடுக்கியிருந்த அவை பணிமனையில் கழித்தபோது அவள் எடுத்து வந்தவை. அவை வேறு கணக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, யாரும் கவனிக்காமல் படுக்கை அறைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

பிறகு ஃபிரிட்ஜ் கதவில் அறிவிப்பு ஒட்டினாள். புதன் இரவுக்குள் வேண்டியதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும். பொருளைப் பார்க்காமல் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காதது தெருவுக்குப் போகும். சமையலறை வாசலில் ஸ்டூலைக் குறுக்கே போட்டு உள்பக்கம் நின்றாள்.

ஸ்டூலைப் பார்த்ததும் கணவருக்குக் குஷி வந்துவிட்டது. "மேடம், நாப்பத்தேழாம் நம்பர்."

"எங்க இருந்துச்சு?"

"ஜன்னலுக்குக் கீழ, இடது பக்கம்."

"நிறம்?"

"துரு நிறம்."

"உள்ள என்ன?"

"உள்ளேயும் துருதான்."

பெட்டி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா பாஸ்!"

"எதுக்குங்க அது உங்களுக்கு?" இது நாலாவது கேள்வி. விதியில் இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"ஒரு நாள் தேவைப்படும்."

"என்னைக்கு?"

"அது தெரிஞ்சா அன்னைக்கே போய் வாங்கிக்க மாட்டேனா?"

சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார். தான் சொன்னதைத் தானே இன்னொருமுறை கேட்பவர் மாதிரி முகம் போயிற்று. "நாப்பத்தேழு வேண்டாம். நாப்பத்தெட்டும் வேண்டாம்," என்றார். புதன்கிழமை பழைய இரும்புக் கடைக்காரரை அவரே கூப்பிட்டுக் கம்ப்ரசர்களைக் கொடுத்தனுப்பினார். தட்டு வண்டி தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்று பார்த்தார்.

பெட்டி வேறு விதம். எந்த டப்பா எந்தப் போனுடையது, எந்தத் தெருவில் யார் கொடுத்தது, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அறுபத்து மூன்றுக்கும் பாஸ் ஆனான். விதி விதிதான், அவள் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துத் தட்டையாக்கித் தன் மெத்தைக்கடியில் வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டான்.

மிச்சத்தில் ஒரு செருப்பு டப்பா இருந்தது. நீல டேப் சுற்றியிருந்தது.

"டேய், இது உன்னோடதா?"

"செருப்பு டப்பாவை எவன் வாங்குவான்? எனக்கு போன் டப்பாதான்."

கணவரும் கையை விரித்தார். சின்னவளுக்கு அந்த வாரம் பரீட்சை. படிக்கட்டில் இருந்தாள். அவளைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த அறையில் அவளுடைய பொருள் ஒன்று இருக்கும் என்றே யாரும் நினைக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் கேட்பாரற்ற நாற்பத்தொரு உருப்படியையும் மூன்று பேரும் கீழே சுமந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குப்பை வண்டி வந்து அள்ளும் இடத்தில் வைத்தார்கள். காணாமல் போன நாற்காலி கிடைத்திருந்தது. நடு அறையின் தரை பச்சை என்று டோக்கன் அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பெருக்கினாள், துடைத்தாள், காய்வதற்குள் மறுபடி துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் பணிமனைக்குள் நுழைந்தபோது ஜன்னலுக்கு முன்னால் ஒரு குன்று இருந்தது. இரண்டு கண்டக்டர்கள் டீ குடித்தபடி அதற்குக் காவல் நின்றார்கள்.

"அக்கா, இன்னைக்கு ஊர்ல அத்தனை பேருக்கும் ஞாபக மறதி," என்றார் மூத்தவர். "அத்தனையும் ஒரே ஸ்டாப்ல ஏறுச்சு."

"யாரு ஏத்தினது?"

"ஜனங்கதான். நம்ம டோக்கன் கட்டியிருக்கு, எவனோ டிப்போவுல திருடிட்டு வந்து எறிஞ்சுட்டான்னு ஆளுக்கொண்ணா எடுத்துட்டு ஏறிட்டாங்க. ஒரு அம்மா ஃபேன் றெக்கையைக் குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு வந்தாங்கன்னா பாரு."

டோக்கன் அக்கா முடிச்சுகளைப் பார்த்தாள். இரட்டை முடிச்சு. இருபத்தோரு வருடத்தில் கையெழுத்து இல்லாமல் ஒரு டோக்கனை அவள் அவிழ்த்ததில்லை. நேற்றும் அவிழ்க்கவில்லை. கைக்குத் தோன்றவே இல்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "யாரோடதும்மா இதெல்லாம்?"

"எங்க வீட்டோடது சார்."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாம்னுதான் சார் தெருவுல வச்சேன்."

"ஜன்னலுக்கு வந்த பொருளை வேண்டாம்னா தொண்ணூறு நாள் வச்சிருந்துதான் கழிக்கணும். உங்களுக்கே ரூல் சொல்லணுமா?" மூலை திரும்பியதும் அவர் சிரித்தது கேட்டது.

அவள் கணவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, தெரிந்த ஆபீஸிலிருந்து பழைய மேசை ஒன்றை எடுத்து வருவதாகவும், கால் ஆடுகிறது, ஆணி அடித்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அவள் பதிவேட்டை விரித்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தி அலமாரியைத் தள்ளினாள், இடம் போதவில்லை, வேறு பக்கம் தள்ளினாள். பிற்பகல் முப்பத்தேழு எழுதியாயிற்று. நீல டேப் டப்பா முப்பத்தெட்டு. கையை நீட்டியபோது ஜன்னலில் நிழல் விழுந்தது.

சின்னவள். பள்ளிச் சீருடை, முதுகில் பை.

"என்னடி இங்க? ரூமைப் பார்த்தியா? மேசை வந்துடுச்சா?"

"பார்த்தேன். ஒரு பொருள் காணோம். எல்லாம் இங்க வந்திருக்குன்னு அப்பா சொன்னார்."

டோக்கன் அக்காவின் பார்வை டப்பாவுக்குப் போயிற்று. "இதுவா? இந்தா..."

"காட்டாத. கேள்வி கேளு. எல்லாரையும் கேக்கற இல்ல?"

கண்டக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோக்கன் அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள். வாய் தன் பழக்கத்துக்குக் கேட்டது. "எங்க விட்டீங்க?"

"நடு ரூம். பரண்ல வலது மூலை, அப்பாவோட ஃபேன் றெக்கைக்குப் பின்னாடி. வேற இடம் கிடைக்கல."

"நிறம்?"

"வெள்ளை. நீல டேப். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்."

"உள்ள என்ன?"

சின்னவள் கம்பி வலையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு அளவு டேப். ஆறு படம்."

"என்ன படம்?"

"நடு ரூமோட படம். கட்டம் போட்ட தாள்ல, வருஷத்துக்கு ஒண்ணு. முதல் படத்துல மேசை நாலடி, ஜன்னல் பக்கம். அடுத்த வருஷம் அங்க சாமான் வந்துடுச்சு, அதனால மூணடி, கதவுப் பக்கம். அப்புறம் ரெண்டடி. அப்புறம் சுவத்துல மடக்கற பலகை. அஞ்சாவது படத்துல மேசை இல்ல, நாற்காலி மட்டும்."

"ஆறாவதுல?"

"மாடிப்படி."

உள்ளே இருப்பதைச் சரிபார்க்காமல் தர முடியாது. டேப்பை உரித்தாள். படங்கள் அவள் சொன்னபடியே இருந்தன. பென்சில் கோடு, மூலைக்கு மூலை அளவு. சாமான் இருக்கும் இடமெல்லாம் கோடிழுத்து நிரப்பி, பெயர் எழுதியிருந்தது. அப்பா மெஷின். அண்ணன் டப்பா. ஜன்னலோரம், முதல் படத்திலிருந்தே, அம்மா குடை. முதல் படத்தில் அது ஒரு விரல் அகலம். அடுத்ததில் இரண்டு. ஐந்தாவதில் ஜன்னல் முழுவதும்.

மேசையை ஜன்னலோரத்திலிருந்து முதலில் கிளப்பியது மெஷின் இல்லை.

டோக்கன் அக்கா தாள்களை அடுக்கினாள். ஓரம் சேரவில்லை, தட்டிச் சேர்த்தாள், கலைத்தாள், மறுபடி சேர்த்தாள். பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். சின்னவள் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு டோக்கனை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"அந்த ஹாஸ்டல் தாள் வச்சிருக்கியா?"

சின்னவள் பையிலிருந்து எடுத்தாள். டோக்கன் அக்கா நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கம்பி வலைக்கடியில் தள்ளினாள்.

"போகச் சொல்றியா?"

"சொல்லல. போகாதேன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா உன் இடத்தை அடைச்ச நானே இந்தக் கையெழுத்தையும் பிடிச்சு வச்சுக்கக் கூடாது. திங்கக்கிழமை வரைக்கும் அந்த ரூம்ல உக்காந்து பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

"சரி," என்றாள் சின்னவள். இது என்ன சரி என்று டோக்கன் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே கட்டிலுக்கடியிலிருந்து குடைகளை இழுத்துப் போட்டாள். இருபத்தாறு. மூன்று கேள்வியையும் தன்னிடம் கேட்டுப் பார்த்தாள். எங்கே விட்டாய் என்ற முதல் கேள்வியே பொருந்தவில்லை. எதையும் அவள் விடவில்லை, மற்றவர்கள் விட்டதுதான் எல்லாம். சனிக்கிழமை இரண்டு நடையாகப் பணிமனைக்கே கொண்டுபோய்க் கழித்த சாமான்களோடு போட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் படிக்கட்டில் டக் கேட்கவில்லை. கேட்காதது அவளைத் தூங்கவிடவில்லை, வேலை செய்யவிடவில்லை. பாத்திரம் கழுவும்போது மூன்று நிமிடத்துக்கொருமுறை கை தானாக நின்றது. நடு அறைக் கதவு முழுதாகச் சாத்தியிருந்தது. இப்போது அதைச் சாத்த முடிந்தது.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அவள் ஜன்னலில் நின்றாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அலமாரியைத் துடைத்தாள். அன்று கழிக்கும் நாள். யாரும் தேடி வராத கறுப்புக் குடை ஒன்று, ஓட்டையில்லை, கம்பி வளையவில்லை. ஐந்தரைக்குப் பேருந்தில் ஏறிய பிறகுதான் அது தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். இறங்கி வைக்க வண்டி நிற்கவில்லை.

படியேறினாள். முதல் மாடி. இரண்டாவது. திருப்பத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி இங்கேயா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை, மேலே யாரோ ஏறிப் போயிருக்க வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. இருட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

நடு அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் மேசை. சின்னவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மேசை ஓரத்தில் அந்தத் தாள், கையெழுத்தோடு, கொடுக்கப்படாமல். அதன் மேல் அளவு டேப்.

"கொடுக்கலையா?"

"இல்ல. அடுத்த சேர்க்கை மூணு மாசம் கழிச்சு. அடியிலயே போட்டிருக்கு. அதுவரைக்கும் இருக்கட்டும்." சின்னவள் நிமிர்ந்தாள். பார்வை அம்மாவின் கைக்கு வந்தது. "அது என்னம்மா?"

"குடை."

"எங்க வைப்ப?"

டோக்கன் அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். காலியான சுவர், பச்சைத் தரை, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குடை சாய்க்கிற அளவுக்கு மூலை. நன்றாகவே இருந்தது அந்த மூலை.

"நாளைக்குத் திருப்பிக் கொண்டுபோயிடறேன்."

"நாளைக்கா?"

அவள் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை. அப்படியே திரும்பினாள். படிக்கட்டில் சுவிட்சை அழுத்திவிட்டு இறங்கினாள். பேருந்து நிறுத்தத்தின் கம்பியில் குடையை மாட்டினாள். இரண்டடி நடந்தவள் திரும்பிப் போய், டோக்கனை அவிழ்த்துக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். திரும்பி ஏறி வந்து திருப்பத்தைத் தாண்டும்வரை விளக்கு அணையவில்லை.

மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள். பணிமனையில் மீதியிருக்கும் நாற்பது உருப்படிக்கும் அதே தொண்ணூறு நாள்தான். அதற்குள் கணவர் எத்தனை முறை எதையாவது அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார், பெட்டி எத்தனை டப்பா, தன் கை எத்தனை குடை. விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து உக்காரேம்மா," என்றாள் சின்னவள், எழுதியபடியே.

"ஒரே நாற்காலிதானே இருக்கு."

"இன்னொண்ணு போடலாம். அளந்துட்டேன்."